படம் மங்கல், பெயரும் பிடிபடவில்லை: வீட்டுத் தோட்டத்து வேட்டைப்பூச்சிகளைப் படமெடுக்கும்போது வரும் சிக்கல்களும் அவற்றுக்கான வழிகளும்

செடியில் ஏதோ ஒரு பூச்சி உட்கார்ந்திருக்கிறது. செடியைத் தின்ன வந்ததா, செடியைத் தின்பவற்றைத் தின்ன வந்ததா என்று தெரியவில்லை. போனை எடுத்து நாலு படம் எடுக்கிறோம், நாலும் மங்கல், அப்புறம் எதற்கு வம்பு என்று மருந்தடித்துவிடுகிறோம். என் தோட்டத்திலும் இது நடந்திருக்கிறது. ஒரு செம்பருத்திச் செடியில் மாவுப்பூச்சி என்று நினைத்து நான் நசுக்கிப்போட்டவற்றில் மாவுப்பூச்சியைத் தின்னும் வண்டின் புழுக்களும் இருந்தன என்பது, தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரே ஒரு தெளிவான படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து முதலில் படம், பிறகுதான் எந்த முடிவும்.

அழகான படம் வேறு, அடையாளம் காட்டும் படம் வேறு. இங்கே இரண்டாவதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். உங்களுக்கு எந்தச் சிக்கல் வருகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம், வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

இலை தெளிவாக இருக்கிறது, பூச்சி மட்டும் மங்கல்

போன் கேமராவில் இதுதான் அதிகம் வரும் தொல்லை. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான், மிக அருகே போய்விட்டீர்கள். ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு குறைந்தபட்சத் தூரம் உண்டு, அதைவிட நெருங்கினால் அது எதையும் பிடிக்காது, பின்னால் இருக்கும் இலையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு சாண் பின்னால் வாருங்கள், 2 மடங்கு ஜூம் வையுங்கள், திரையில் பூச்சியின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோக்கஸைப் பூட்டுங்கள், அதன் பிறகு போனையே மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தித் தெளிவு வரும் இடத்தில் படமெடுங்கள். மெல்லிய கால்கள் கொண்ட பூச்சியைக் கேமரா அடையாளம் கண்டுகொள்ளாமல் திணறினால், பூச்சி இருக்கும் அதே தூரத்தில் உங்கள் விரலை நீட்டி அதில் ஃபோக்கஸைப் பூட்டிவிட்டு விரலை எடுத்துவிடலாம்.

சில போன்களில் நெருங்கினால் தானாகவே அகலக்கோண லென்ஸுக்கு மாறி மேக்ரோ படம் எடுக்கும். வெளிச்சம் நன்றாக இருந்தால் அது போதும், நிழலில் அந்தச் சின்ன லென்ஸ் தரும் படத்தில் மயிர், முள் போன்ற நுணுக்கங்கள் குழைந்துவிடும். அடிக்கடி எடுப்பவர் என்றால் போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் தூரம் சில சென்டிமீட்டர்தான் கிடைக்கும் என்பதால் பறக்கும் பூச்சிகளுக்கு உதவாது, அசையாத புழுக்களுக்கும் முட்டைகளுக்கும் அருமையாக உதவும்.

கண் மட்டும் தெளிவு, மற்ற எல்லாம் கரைந்துபோகிறது

இது பிழை இல்லை, ஒளியியல் அப்படித்தான். உண்மை அளவிலேயே பதிவாகும்படி நெருங்கி, பெரிய சென்சார் கேமராவில் லென்ஸ் துளையை எஃப்/8 வைத்து (இந்த எண் கூடினால் துளை சிறியதாகும்) எடுத்தால் தெளிவாக வரும் ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். எஃப்/16 வைத்தால் அது இரட்டிப்பாகும், ஆனால் அந்த நெருக்கத்தில் துளை இன்னும் சிறியதுபோல நடந்துகொள்வதால் படம் முழுக்க ஒரு மென்மை படர்ந்துவிடும். நான் எஃப்/8-க்கும் எஃப்/11-க்கும் நடுவில் நின்றுவிடுவேன்.

துளையைக் குறைப்பதைவிடக் கோணத்தை மாற்றுவது அதிகம் உதவும். கேமராவின் பின்பலகையும் பூச்சியின் உடலும் இணையாக இருக்க வேண்டும். பக்கவாட்டுப் படம் என்றால் உடலின் பக்கத்துக்கு இணை, இறக்கை நரம்பு வேண்டும் என்றால் இறக்கைக்கு இணை. இப்படி எடுத்தால் அந்த 1 மில்லிமீட்டருக்குள்ளேயே தலை முதல் வால் வரை அடங்கிவிடும். தட்டானை மேலிருந்து எடுக்கும்போது நாலு இறக்கையும் தெளிவாக வந்திருக்கிறதா என்று பாருங்கள், வந்திருந்தால் இணை சரி.

எல்லாமே அசைந்து, இழுத்துவிட்ட மாதிரி இருக்கிறது

காற்றுதான். கைநடுக்கத்தைவிடச் செடியின் ஆட்டம்தான் அதிகம் கெடுக்கும். தண்டை இடது கையால் பூச்சிக்கு ஒரு சாண் கீழே பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது ஒரு குச்சியை நட்டுத் துணி கிளிப்பால் தண்டைக் கட்டுங்கள். ஷட்டர் வேகம் 1/500 நொடி வரை போகட்டும், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) கூடிப் புள்ளிபுள்ளியாக வந்தாலும் பரவாயில்லை, புள்ளி விழுந்த படத்தில் உணர்கொம்பை எண்ணலாம், அசைந்த படத்தில் எண்ண முடியாது. போனில் இரவு முறையையும், பல படங்களை ஒன்றாக்கும் எச்டிஆர் முறையையும் அணைத்துவிடுங்கள், அசையும் பூச்சிக்கு அவை இரண்டு நிழல் கால்களைச் சேர்த்துவிடும். அப்புறம் ஒரு படத்தோடு நிற்க வேண்டாம், தொடர்ச்சியாகப் பல படமெடுக்கும் பர்ஸ்ட் முறையில் பத்து எடுத்தால் ஒன்று தேறும்.

வண்டின் முதுகில் வெள்ளை வெள்ளையாக ஒளி, அல்லது கறுப்புப் பூச்சி வெறும் நிழலாக

பொறிவண்டு போன்ற பளபளப்பான முதுகு ஒரு கண்ணாடி மாதிரி. வெயிலும் ஃபிளாஷும் அதில் அப்படியே தெரியும், எண்ண வேண்டிய புள்ளிகள் அந்த வெள்ளைக்குள் மறைந்துவிடும். வெயிலுக்கும் பூச்சிக்கும் நடுவே ஒரு மெல்லிய வெள்ளைத் துணியையோ டிஷ்யூ தாளையோ பிடியுங்கள், வித்தியாசம் உடனே தெரியும். ஃபிளாஷ் என்றால் அதற்கு முன்னால் வெள்ளைத் தாள் ஒன்றை வளைத்துக் கட்டுங்கள், எவ்வளவு பெரிதாக, எவ்வளவு அருகே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. போனில் இருக்கும் சிறு விளக்கை நம்பாதீர்கள், அது கேமரா ஃபிளாஷ் மாதிரி அசைவை உறையவைக்காது, மிக நெருங்கினால் ஒரு பக்கம் மட்டும் விழும்.

கறுப்புப் பூச்சி வெளிர் இலையில் இருந்தால் கேமரா இலைக்கு ஏற்ப வெளிச்சத்தைக் குறைத்துவிடும். பூச்சியைத் தொட்டுத் தேர்ந்தெடுத்துவிட்டு வெளிச்சத்தை ஒரு படி கூட்டுங்கள். வெள்ளை மெழுகு போர்த்திய புழுக்களுக்கு நேர்மாறாக ஒரு படி குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெறும் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும்.

பக்கத்தில் போனாலே பறந்துவிடுகிறது

உங்கள் நிழல் அதன் மேல் விழுந்திருக்கும், அல்லது மேலிருந்து இறங்கியிருப்பீர்கள். பூச்சியின் மட்டத்துக்குக் குனிந்து, ஒரே நேர்கோட்டில், நின்று நின்று போங்கள். முதல் படத்தைத் தூரத்திலிருந்தே எடுத்துவிடுங்கள், ஓடிப்போனாலும் கையில் ஏதோ ஒன்று இருக்கும். பிறகு இரண்டடிக்கு ஒரு படம் என்று நெருங்கலாம்.

தட்டான் பறந்துபோனால் துரத்த வேண்டாம். பல தட்டான்கள் உட்கார்ந்த குச்சிக்கே திரும்பி வரும், அந்த இடத்தில் ஃபோக்கஸை வைத்துவிட்டுக் காத்திருங்கள். மற்றவற்றுக்கு விடியற்காலைதான் சரியான நேரம். பூச்சிகளின் உடல் சூடு வெளிச்சூட்டைப் பொறுத்தது, குளிர்ந்திருக்கும்போது அவை சோம்பலாக இருக்கும், பனித்துளியோடு அப்படியே உட்கார்ந்திருக்கும். சிலர் பூச்சியைப் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து எடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விடியலில் எழுந்தால் கிடைப்பதற்காக ஓர் உயிரை வாட்ட வேண்டியதில்லை, அப்படி எடுத்த படத்தில் கால்கள் மடங்கி, எந்தச் செடியில் என்ன செய்துகொண்டிருந்தது என்ற முக்கியமான தகவலும் போய்விடுகிறது.

இரவில் தேடுபவர்கள் டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள். பெரும்பாலான பூச்சிகளுக்குச் சிவப்பு ஒளி சரியாகத் தெரியாது. படமெடுக்கும் நொடியில் மட்டும் வெள்ளை ஒளி போதும்.

கும்பிடுபூச்சியின் கண்ணில் ஒரு கறுப்புப் புள்ளி, எந்தப் பக்கம் போனாலும் என்னையே பார்க்கிறது

படத்தில் கோளாறு இல்லை, பூச்சிக்கும் நோய் இல்லை. கூட்டுக்கண்ணில் உங்களை நேராக நோக்கியிருக்கும் சிறு கண்கள் ஒளியை உள்ளே வாங்கிக்கொள்வதால் அந்த இடம் கறுப்பாகத் தெரிகிறது, நீங்கள் நகர்ந்தால் வேறு கண்கள் உங்களை நோக்கும், புள்ளியும் நகரும். இரவில் எடுத்த படத்தில் கண் முழுவதும் கருத்திருந்தால் அதுவும் இயல்புதான்.

முள் முள்ளாக, முதலை மாதிரி ஒரு புழு, இலையெல்லாம் ஓடுகிறது

இந்த இடத்தில்தான் அதிகமான நல்ல பூச்சிகள் சாகின்றன, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பொறிவண்டை எல்லோருக்கும் தெரியும், அதன் குழந்தையை யாருக்கும் தெரியாது. கறுப்பு அல்லது சாம்பல் நிறம், நீளமான உடல், பக்கத்துக்கு மூன்றாக ஆறு கால்கள், முதுகில் ஆரஞ்சோ மஞ்சளோ திட்டுகள். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றும் வளர்ந்து முடிவதற்குள் செடிச் சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினியை நூற்றுக்கணக்கில் தின்றுவிடும்.

இதோடு குழம்பக்கூடியது எபிலாக்னா வண்டின் புழு. அதுவும் பொறிவண்டுக் குடும்பம்தான், ஆனால் கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு வகைச் செடிகளின் இலையைச் சுரண்டித் தின்னும். அந்தப் புழு மஞ்சள், உடல் முழுக்கக் கிளைவிட்ட முட்கள், அசைவு மந்தம். வளர்ந்த வண்டிலும் வேறுபாடு உண்டு: எபிலாக்னாவின் முதுகில் மெல்லிய மயிர் இருப்பதால் பளபளப்பு இருக்காது, 28 புள்ளி கொண்ட வகை பரவலாகக் காணப்படுகிறது. பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்தால் அந்த மயிர் நன்றாகத் தெரியும். கூடவே இலையையும் படமெடுங்கள். பச்சை சுரண்டப்பட்டு நரம்பு மட்டும் வலைபோல நின்றால் எபிலாக்னா, இலை முழுசாக இருந்து அதில் அசுவினிக் கூட்டம் இருந்தால் வேட்டைக்காரன்.

புள்ளியை எண்ணி மட்டும் முடிவு கட்ட வேண்டாம். ஹார்மோனியா ஆக்சிரிடிஸ் என்ற ஒரே இனத்தில் சிவப்பில் கறுப்புப் புள்ளி, கறுப்பில் சிவப்புப் புள்ளி, புள்ளியே இல்லாதது என்று எல்லாம் உண்டு. தலைக்குப் பின்னால் இருக்கும் தட்டின் கோலம் புள்ளியைவிட நம்பகமானது, அதனால் மேலிருந்து ஒன்று, முன்னாலிருந்து ஒன்று என இரண்டு படமாவது வேண்டும். பொறிவண்டுகளில் சாம்பல் நோய்ப் பூஞ்சையைத் தின்று வாழும் மஞ்சள் வகைகளும் இருக்கின்றன, அவற்றையும் விட்டுவிடலாம்.

கால் இல்லாத, பச்சையோ பழுப்போ ஆன, முன்பக்கம் கூராக ஒடுங்கிய ஒரு புழு அசுவினிக் கூட்டத்தின் நடுவே கிடந்தால் அது பெரும்பாலும் மிதக்கும் ஈ என்கிற சிர்ஃபிட் ஈயின் புழு. இலை தின்னும் புழுவிடமிருந்து பிரிக்க ஒரே படம் போதும்: இலைப்புழுவுக்குத் தனியாகத் தெரியும் கெட்டியான தலையும் முன்னால் மூன்று ஜோடிக் கால்களும் இருக்கும், இதற்கு இரண்டும் இல்லை. இலைக் கிளையைப் பக்கவாட்டில் பிடித்து, கண் மட்டத்தில் எடுங்கள், கால் இருக்கிறதா இல்லையா என்பது மேலிருந்து தெரியாது.

குப்பையே நடந்து போகிற மாதிரி ஒன்றைப் பார்த்தால் அதைத் தட்டிவிடாதீர்கள். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுக்களில் சில, தின்று முடித்த பூச்சிகளின் தோலையும் தூசியையும் முதுகில் சுமந்து மறைந்துகொள்ளும். முன்னால் அரிவாள் மாதிரி வளைந்த இரண்டு தாடைகள் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். அதன் முட்டையும் மறக்க முடியாதது, மெல்லிய நூல் காம்பின் நுனியில் ஒவ்வொன்றாக நிற்கும். பூஞ்சை என்று நினைத்து அதைத் துடைத்தவர்கள் நிறையப் பேர். காம்பு படத்தில் விழாவிட்டால் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடியுங்கள்.

வெள்ளைப் பஞ்சு, மாவுப்பூச்சியா வேறா?

என் செம்பருத்தியில் நடந்தது இதுதான். கிரிப்டோலேமஸ் என்ற வண்டின் புழு தன் இரையைப் போலவே வெள்ளை மெழுகிழைகளைப் போர்த்திக்கொள்ளும். மாவுப்பூச்சி வளர்ந்தாலும் சாதாரணமாக 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான், இந்தப் புழு 13 மில்லிமீட்டர் வரை வளரும், இழைகளும் நீளமாக, ஒழுங்கில்லாமல் தொங்கும். அளவு தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் கட்டம் போட்ட தாளையோ அளவுகோலையோ வைத்து எடுங்கள், நினைவில் இருக்கும் அளவு எப்போதும் பொய் சொல்லும். இன்னொரு வழி வீடியோ. மெல்லிய தூரிகையால் லேசாகத் தொட்டுவிட்டு அரை நிமிடம் பதிவு செய்யுங்கள், மாவுப்பூச்சி அசைந்தால் உண்டு அசையாவிட்டால் இல்லை, புழுவோ விறுவிறுவென்று நகர்ந்துவிடும். கறுத்த உடலும் ஆரஞ்சுத் தலையுமாகச் சின்ன வண்டு ஒன்று பக்கத்தில் திரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

கேடயம் மாதிரி, நீண்ட கால் வைத்த ஒரு நாவாய்ப்பூச்சி, நல்லதா கெட்டதா?

மேலிருந்து எடுத்த படம் எத்தனை அழகாக இருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. பார்க்க வேண்டியது அலகை, அதாவது குத்தி உறிஞ்சும் வாயை, அது தலைக்கு அடியில் இருக்கிறது. பக்கவாட்டிலிருந்து தலையை மட்டும் குறிவைத்து ஒரு படம் எடுங்கள். அலகு குட்டையாக, தடித்து, வளைந்து தலைக்கும் அலகுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் கொலைகார நாவாய்ப்பூச்சி, வேட்டையாடுவது. அலகு மெல்லியதாக, நேராக, கால்களுக்கு நடுவே வயிற்றோடு ஒட்டிக் கிடந்தால் சாறு உறிஞ்சுவது. கேடய வடிவப் பூச்சிகளில் வேட்டையாடும் வகைகளும் இருப்பதால் வடிவத்தை மட்டும் நம்ப முடியாது, அவற்றின் அலகும் தடிப்பாகவே இருக்கும்.

குஞ்சுகள் இன்னும் சிரமம். சிவப்பும் கறுப்புமாகக் கூட்டமாக உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் சாறு உறிஞ்சுபவைதான், ஆனால் முட்டையிலிருந்து வெளிவந்த புதிதில் கொலைகாரக் குஞ்சுகளும் கூடித்தான் இருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள், வேட்டையாடுபவை தனித்தனியாகப் பிரிந்திருக்கும். கையில் எடுக்க மட்டும் வேண்டாம், அந்த அலகால் குத்தினால் நன்றாக வலிக்கும்.

குளவி என்று போட்டேன், ஈ என்கிறார்கள். எறும்பு என்று போட்டேன், சிலந்தி என்கிறார்கள்

இறக்கையை எண்ணுங்கள். ஈக்களுக்கு இரண்டே இறக்கை, பின்னால் குமிழ் வைத்த சின்னக் காம்பு இரண்டு. குளவிக்கும் தேனீக்கும் நாலு. பின்னிறக்கை முன்னிறக்கையோடு கொக்கியால் இணைந்து ஒன்றாகத் தெரியும் என்பதால் உணர்கொம்பையும் பாருங்கள்: மிதக்கும் ஈக்கு மிகக் குட்டை, கண் தலை முழுவதையும் அடைத்திருக்கும். முகத்தில் தாடி மாதிரி மயிரும் இரண்டு கண்ணுக்கு நடுவே பள்ளமும் இருந்தால் கொள்ளைக்கார ஈ, பறக்கும் பூச்சிகளைக் காற்றிலேயே பிடிப்பது. இந்த மூன்றுக்கும் நேர் முகப்படம் ஒன்று அவசியம்.

எறும்பு போலிருக்கும் சிலந்தியை மாட்டிவிடுவது கால்தான், எட்டு இருக்கும், முன்கால் இரண்டைத் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டிருக்கும். உண்மையான எறும்பின் உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கும்.

ஊசித்தட்டான் மாதிரி ஒன்று இறக்கையைக் கூரைபோல மடித்து உட்கார்ந்து, உணர்கொம்பு நீளமாக, நுனி தடித்துத் தெரிந்தால் அது குழிநரியின் வளர்ந்த வடிவம். மண்ணில் புனல்போலக் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கிறதே, அதேதான். தட்டான் வகைகளின் உணர்கொம்பு மயிரளவுதான் இருக்கும்.

புழுவின் முதுகில் வெள்ளை முட்டைகள், அசுவினி உப்பிப் பழுப்பாகக் கிடக்கிறது

புழுவின் மேல் நிற்கும் அந்த வெள்ளைச் சின்னக் கூடுகள் முட்டை கிடையாது. குட்டிக் குளவியின் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்து தின்றுவிட்டு வெளியே வந்து கட்டிய கூடுகள். உப்பிய அசுவினிக்குள்ளும் அப்படி ஒரு குளவிக் குஞ்சு இருக்கும், முதுகில் வட்டத் துளை இருந்தால் வெளியேறிவிட்டது. இவற்றை ஒட்டுண்ணிக் குளவி என்பார்கள், வேட்டைப்பூச்சியிலிருந்து வேறு வகை, வேலை அதே. அந்த இலையைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள்.

பூச்சியை அடையாளம் காட்டும் செயலி ஒவ்வொரு முறையும் வேறு பெயர் சொல்கிறது

பூச்சி படத்தில் சிறியதாக இருந்தால் செயலி இலையைப் பார்த்துப் பெயர் சொல்லும். பூச்சி படத்தின் பாதியையாவது நிரப்பும்படி வெட்டிக் கொடுங்கள். மெசேஜ் செயலி வழியாக வந்த படத்தைக் கொடுக்காதீர்கள், அது சுருக்கப்பட்டிருக்கும், மூலப் படத்தையே கொடுங்கள். ஒரே பூச்சியின் மூன்று கோணங்களையும் ஒரே பதிவில் சேருங்கள்.

நான் ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலியைத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன். அங்கே இயந்திரம் யூகம் சொன்னாலும் பிறகு மனிதர்கள் பார்த்துத் திருத்துகிறார்கள், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் பெயர் உறுதியாகிறது. வீட்டு முகவரி வெளியே தெரிய வேண்டாம் என்றால் இடத்தை மங்கலாக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. செயலி முதலில் காட்டும் இனப்பெயரை அப்படியே ஏற்க வேண்டாம். அந்த இனம் உங்கள் பகுதியில் பதிவாகியிருக்கிறதா என்று வரைபடத்தைப் பாருங்கள், இல்லையென்றால் ஒரு படி மேலே ஏறிப் பேரினத்திலோ குடும்பத்திலோ நின்றுவிடுங்கள்.

யாராலும் பெயர் சொல்ல முடியவில்லை

சின்ன ஈக்களிலும் குளவிகளிலும் பல இனங்களை நுண்ணோக்கியில் உறுப்புகளைப் பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும், எந்தப் படத்தாலும் ஆகாது. தோட்டத்துக்கு அது தேவையும் இல்லை, சிர்ஃபிட் ஈ என்ற அளவில் தெரிந்தாலே மருந்தடிக்கலாமா கூடாதா என்று முடிவெடுத்துவிடலாம். பிடிபடாதது புழுவோ கூட்டுப்புழுவோ என்றால் இன்னொரு வழி இருக்கிறது. அது இருக்கும் இலையை அசுவினியோடு சேர்த்து ஒரு கண்ணாடிச் சீசாவில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். தினமும் புது அசுவினி இலை ஒன்றும், ஒரு படமும். கூட்டுப்புழுவாக ஒட்டிக்கொண்ட பிறகு சில நாளில் வண்டோ ஈயோ வெளியே வரும். வந்தவுடன் நிறம் வெளிறியிருக்கும், சில மணி நேரம் பொறுத்து நிறம் ஏறிய பிறகு கடைசிப் படத்தை எடுத்துவிட்டு, பிடித்த அதே செடியில் கொண்டுபோய் விடுங்கள்.